மேசை போடுகிறவருக்கு என்ன கொடுப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நாற்பது பேர் வரை கூடும் ஒரு மேசை விளையாட்டுக் குழுவில் இருக்கிறேன். மாதம் இருமுறை சந்திக்கிறோம். பலகை விளையாட்டு, அட்டை விளையாட்டு, இரண்டு மேசைகளில் ஆளுக்கொரு பாத்திரமாகி ஒரு கதையைச் சேர்ந்து ஆடும் கதாபாத்திர விளையாட்டு என்று மாலை முழுவதும் நடக்கும். ஏழு ஆண்டுகளாக இதைத் தோளில் சுமப்பவர் ஒருவர்தான். இடம் பேசுவது, வருகிறவர்களைக் கணக்கெடுப்பது, பெட்டிகளைத் தூக்கிவருவது, புதியவர்களுக்கு விதிகளைச் சொல்லித்தருவது, சச்சரவு வந்தால் தீர்த்துவைப்பது எல்லாம் அவர். துணைக்கு மூன்று நான்கு பேர் உண்டு. சென்ற மாதம் அவர், "கொஞ்சம் களைப்பாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். எங்களுக்குப் பகீரென்றது.

உடனே சிலர் கூடிப் பேசினோம். ஆண்டுதோறும் 'சிறந்த ஒருங்கிணைப்பாளர்' விருது கொடுக்கலாம் என்றார் ஒருவர். செய்யும் வேலைக்கெல்லாம் புள்ளிகள், சேர்ந்த புள்ளிகளுக்குப் பரிசு என்றார் இன்னொருவர். சந்திப்புக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை கொடுத்துவிடலாம் என்றார் மூன்றாமவர். எனக்கு மூன்றுமே சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தால் அது நன்றிகெட்டதனம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

அவர் சொன்ன அந்த ஒரு வரியை நீங்கள் காதில் வாங்கிக்கொண்டது பெரிய விஷயம். பெரும்பாலான குழுக்களில் அது யார் காதிலும் விழுவதில்லை. ஒருநாள் அவர் வராமல் போகிறார், அதன்பிறகு இரண்டு சந்திப்புகள் தட்டுத்தடுமாறி நடக்கின்றன, மூன்றாவது நடப்பதே இல்லை. நான் பார்த்த குழுக்களில் சில அப்படித்தான் கலைந்தன.

பல ஆண்டுகள் நான் ஆடிய ஒரு குழுவை ஒரு பெண்மணி நடத்திவந்தார். அவர் விலகிய பிறகு பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் நாள் ஒரு பெட்டியைத் திறந்தேன். மூடியின் உட்புறத்தில் ஒரு சிறு காகிதம் ஒட்டியிருந்தது. பென்சிலால் எழுதிய கணக்கு: மரக்காய்கள் நிறத்துக்கு 24, அட்டைகள் 95, பகடை 2. அதன் கீழே, "மஞ்சள் ஒன்று தொலைந்தது. பதிலுக்குப் பொத்தான்" என்று ஒரு குறிப்பு. பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். மஞ்சள் காய்களுக்கு நடுவே ஒரு சட்டைப் பொத்தான் விழுந்தது. அந்த ஆட்டத்தில் நான் எப்போதும் மஞ்சளைத்தான் எடுப்பேன். அந்தப் பொத்தானை எத்தனையோ முறை என் விரல்களால் பலகையில் வைத்திருக்கிறேன். அது எப்படி அங்கே வந்தது என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

எல்லாப் பெட்டிகளிலும் அப்படி ஒரு காகிதம் இருந்தது. நாங்கள் சிரித்துப் பேசிக்கொண்டு கிளம்பிப் போன பிறகு, ஒவ்வொரு முறையும் அவர் தனியாக உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். யோசித்துப் பார்த்தபோது இன்னொன்றும் உறைத்தது. அவர் ஒரு முழு ஆட்டம் ஆடியதாக எனக்கு நினைவே இல்லை. மேசைகளுக்கு இடையே நின்றுகொண்டிருப்பார். ஒரு மேசையில் விதியைப் பற்றிச் சந்தேகம், இன்னொன்றில் ஆள் குறைவு, வாசலில் தயங்கி நிற்கும் புதியவர். விடைபெறும் நாளில் நாங்கள் அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தோம். மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார். அன்றும் நாற்காலிகளை அடுக்கிவைத்தது அவர்தான். அதை நினைக்கும்போதெல்லாம் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கு நான் எழுதுவது அந்த வெட்கத்திலிருந்துதான்.

மேசை போடுவதை எடுபிடி வேலையாக நினைப்பவர்கள் உண்டு. கதாபாத்திர விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்த 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' 1974இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரையும் இந்த உலகம் கொண்டாடுகிறது, சரிதான். ஆனால் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1968இல், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் தோட்டக்கலை மண்டபம் ஒன்றை வாடகைக்குப் பிடித்துப் போர் விளையாட்டுப் பிரியர்களைக் கூட்டியவர் அதே கைகாக்ஸ். இன்று பெரும் விளையாட்டுத் திருவிழாவாக நடக்கும் 'ஜென் கான்' அங்கே தொடங்கியது. மறு ஆண்டு நடந்த கூடுகையில்தான் அவரும் ஆர்னசனும் சந்தித்துக்கொண்டார்கள். மண்டபம் பிடித்து மேசை போட்டது முன்னால், ஆட்டம் பிறந்தது பின்னால்.

ஆட்டத்தை உருவாக்குகிறவர்களின் பெயரே எளிதில் வெளியே வந்துவிடவில்லை. 1988இல் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியின்போது கூடிய ஜெர்மன் வடிவமைப்பாளர்கள் சிலர், பெட்டியின் மேல் தங்கள் பெயரை அச்சிடாத நிறுவனத்துக்கு ஆட்டம் தருவதில்லை என்று பீர்க் குவளைக்கு அடியில் வைக்கும் ஓர் அட்டையில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். இன்று ஏறக்குறைய எல்லா நல்ல ஆட்டங்களின் பெட்டியிலும் அவர்கள் பெயர் இருக்கிறது. ஜெர்மனியில் 1979 முதல் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கு விருது தருகிறார்கள். மேசை போடுகிறவருக்கு அப்படி ஒரு பெட்டி இல்லை. அவர் செய்த வேலை, அன்று இரவு விளக்கை அணைக்கும்போதே மறைந்துவிடுகிறது.

இனி உங்கள் நண்பர்களின் யோசனைகளுக்கு வருகிறேன்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்த ஏழு ஆண்டுகளில் போக்குவரத்துக்கும், தொலைந்த பகடைகளுக்கும், அட்டை உறைகளுக்கும், அச்செடுத்த விதித்தாள்களுக்கும் அவர் கையிலிருந்து எவ்வளவு போயிருக்கிறது என்று யாராவது கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள், அவரும் சொல்லியிருக்க மாட்டார். அதைக் கணக்கிட்டு உடனே கொடுத்துவிடுங்கள். இனிமேல் ஆகும் செலவுக்கு ஒரு பொது நிதி வையுங்கள். இதற்கு விழா வேண்டாம், கைத்தட்டல் வேண்டாம். பட்ட கடனைத் தீர்க்கிறீர்கள், அவ்வளவுதான்.

அதற்கு மேல், சந்திப்புக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை தருவதை நான் ஏற்கமாட்டேன். யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற பொருளியலாளர்கள் 2000இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. பள்ளி மாணவர்களை வீடு வீடாக நன்கொடை திரட்ட அனுப்பினார்கள். ஒரு பிரிவுக்கு ஊக்கத்தொகை எதுவும் இல்லை. ஒரு பிரிவுக்குத் திரட்டியதில் 1 சதவீத அளவுக்கும், மற்றொரு பிரிவுக்கு 10 சதவீத அளவுக்கும் தனியாகப் பணம் தரப்பட்டது. அதிகம் திரட்டியவர்கள் எதுவும் பெறாத பிரிவினர். 10 சதவீதம் பெற்றவர்கள் அவர்களுக்கு அடுத்து. கடைசியில் நின்றவர்கள் 1 சதவீதம் பெற்றவர்கள். கொடுப்பதானால் போதுமானதாகக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கொடுக்கவே கூடாது என்பது அவர்கள் கண்ட முடிவு. உங்கள் நண்பர் இதுவரை தன் மாலைகளுக்கு விலை போட்டுப் பார்த்ததில்லை. ஒரு சிறிய உறையை நீட்டினால் அன்றிரவே போட்டுப் பார்ப்பார்.

ஆனால் இதை எல்லா இடத்துக்கும் பொருத்திவிடாதீர்கள். தன்னார்வலரின் உழைப்பில் வேறொருவர் லாபம் பார்க்கிறார் என்றால் அங்கே நன்றியும் பாராட்டும் போதாது, நியாயமான கூலி வேண்டும். 'மேஜிக்: தி கேதரிங்' அட்டை விளையாட்டின் நடுவர்கள் பலர் ஆட்டத்தின்மேல் உள்ள ஆசையால் வந்தவர்கள். 1998 முதல் அவர்களுக்கென்றே அச்சிட்ட மினுங்கும் அட்டைகள் நன்றியாகத் தரப்பட்டன. அவற்றில் சில, சேகரிப்பாளர்களிடம் நல்ல விலைக்குப் போயின. 2016இல் நடுவர்கள் சிலர், தாங்கள் உண்மையில் ஊழியர்கள், சட்டப்படி ஊதியம் தரவேண்டும் என்று அந்த ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின்மேல் கலிபோர்னியாவில் வழக்குத் தொடர்ந்தார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். உங்கள் குழுவில் யாரும் லாபம் பார்ப்பதில்லை. அந்த நிலை மாறினால், கட்டணம் வாங்கத் தொடங்கினால், அன்று முதல் கூலியைப் பற்றிப் பேசுங்கள்.

புள்ளிகளுக்கு வருவோம். 'பாத்ஃபைண்டர்' என்ற கதாபாத்திர விளையாட்டை வெளியிடும் பைசோ நிறுவனம், அதை ஆடுகிறவர்களுக்காக 2008இல் தொடங்கிய அமைப்பு 'பாத்ஃபைண்டர் சொசைட்டி'. அதில் கதை நடத்துகிற கேம் மாஸ்டர்களுக்கு நட்சத்திரங்கள் வழங்கும் வழக்கம் இருந்தது. 10 ஆட்டங்கள் நடத்தினால் முதல் நட்சத்திரம், ஐந்தாவதற்கு 150 ஆட்டங்கள் வேண்டியிருந்தன. 150 மாலைகள் மற்றவர்கள் ஆடுவதற்காக உட்கார்ந்த ஒருவரை அந்த ஐந்து நட்சத்திரங்கள் அடையாளம் காட்டுகின்றன. அதை நான் மதிக்கிறேன். பல ஊர்களில் பரவிய, ஒருவரையொருவர் அறியாத ஆயிரக்கணக்கானோர் ஆடும் அமைப்புக்கு அது தேவையும்கூட. நாற்பது பேர் குழுவுக்கு எதற்கு? உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். மேலும், எண்ணக்கூடியதற்குத்தான் புள்ளி விழும். நடத்திய ஆட்டங்களை எண்ணலாம், தூக்கிய பெட்டிகளை எண்ணலாம். கோபித்துக்கொண்டு எழுந்து போன ஒருவரை மறுநாள் தொலைபேசியில் அழைத்துப் பேசி அடுத்த சந்திப்புக்கு வரவைத்ததை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

மறக்க நினைத்தாலும் என்னால் மறக்க முடியாத ஒரு சோதனை இருக்கிறது. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வெளியிட்டது. வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஆசையுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பொன்முத்திரையும் நாடாவும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாட்கள் கழித்து வகுப்பில் பேனாக்களைச் சும்மா வைத்தபோது, அந்தக் குழந்தைகள் வரைந்த நேரம் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு திடீரென்று அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளின் ஆசை குறையவில்லை. உங்கள் நண்பர் குழந்தை அல்லர், அதனால் இதை ரொம்ப இழுக்க மாட்டேன். இருந்தாலும் 'இதைச் செய்தால் இது கிடைக்கும்' என்று அட்டவணை போடுவதைத் தவிர்த்துவிட்டு, அவர் எதிர்பாராத ஒருநாள் மனம்நிறைந்து எதையாவது கொடுங்கள் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அது போதும்.

விருது வேண்டாம். ஒருவரைச் 'சிறந்தவர்' என்று மேடையேற்றினால், அவருக்குத் துணைநின்ற மூன்று நான்கு பேர் கீழே நின்று கைதட்ட வேண்டியிருக்கும். அடுத்த ஆண்டு யாருக்கு என்ற பேச்சும் கூடவே வரும்.

அப்படியானால் என்ன செய்வது? அவர் செய்யும் வேலைகளை முதலில் கண்ணால் பாருங்கள். அடுத்த இரண்டு சந்திப்புகளிலும் உங்களில் ஒருவர் தொடக்கத்திலிருந்து விளக்கணைக்கும்வரை அவரோடு இருந்து, அவர் செய்யும் ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ளட்டும். சந்திப்புக்கு முன்பு செய்பவற்றை அவரிடமே கேட்டு எழுதுங்கள். எங்கள் குழுவில் அந்தப் பெண்மணி போன பிறகு இப்படி எழுதினோம், பட்டியல் நாற்பதைத் தாண்டியது. அவர் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதியதை எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள். ஒவ்வொரு வேலைக்கும், இனி இதை நான் செய்கிறேன் என்று ஒருவர் கைதூக்க வேண்டும். அவருக்கு நீங்கள் சொல்லக்கூடிய நன்றிகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை. கைதூக்க ஆளில்லாத வேலை இருந்தால், அதை விட்டுவிட்டும் குழு நடக்குமா என்று பாருங்கள். மறுபடியும் அவர் தலையில் கட்டாதீர்கள்.

அந்த மூன்று நான்கு துணைவர்களுக்குப் பொறுப்போடு அதிகாரத்தையும் கொடுங்கள். பாத்ஃபைண்டர் அமைப்பில் எனக்குப் பிடித்தது நட்சத்திரத்தைவிட, அந்தந்தப் பகுதிக்கு 'வென்ச்சர் கேப்டன்' என்று ஒரு தன்னார்வலரை அமர்த்தும் ஏற்பாடு. எதற்கு யாரிடம் போவது என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியும், அவர் சொல்வது அங்கே செல்லும். பெட்டிகளுக்குப் பொறுப்பு என்று ஒருவரை வைத்தால், எந்தப் பெட்டி வாங்குவது என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.

வாயால் நன்றி சொல்லும்போது எதற்கு என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "எல்லாம் பிரமாதம்" என்பதை அவர் ஏழு ஆண்டுகளாகக் கேட்டிருப்பார். "வாசலிலேயே நின்ற அந்தப் பையனை இரண்டாவது மேசைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தீர்களே, அதன்பிறகு அவன் ஒரு சந்திப்பைக்கூடத் தவறவிடவில்லை" என்று யாராவது சொல்லட்டும். பார்த்தவரால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

அவர் விலக விரும்பினால் விலகவும் விடுங்கள். நீங்கள் இல்லாமல் எப்படி என்று கெஞ்சி நிறுத்திவைப்பது பாராட்டுப் போலத் தோன்றும், உண்மையில் அது பாரம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். அவர் இடம் பேசுவார், பெட்டி சுமப்பார், விதி சொல்லித்தருவார், சண்டை தீர்ப்பார் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு எந்த ஆட்டம் பிடிக்கும் என்பது மட்டும் அதில் இல்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் எதையோ ஆட ஆசைப்பட்டு, கூட ஆட ஆள் தேடித்தானே அவர் இதைத் தொடங்கியிருப்பார். அது எது என்று கேளுங்கள். அடுத்த சந்திப்பில் அந்தப் பெட்டியை வேறு யாராவது தூக்கிவந்து, விரித்து, காய்களைப் பிரித்துவைத்து, அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்கள். நடுவில் சந்தேகம் கேட்டு யாரும் அவரை எழுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் காய்களை நீங்கள் எண்ணுங்கள்.

அது எந்த ஆட்டம் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்