ஒன்றரை ஏக்கரும் இருபத்தொன்றரை பவரும்

போன வாரம் திருமங்கலம் பக்கத்திலிருந்து ஓர் அண்ணன், மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் யோசனை கேட்க மதுரைக்கு வந்திருந்தார். பாப்பா இரண்டாம் முறையாக நீட் எழுதியும் அரசு இடத்துக்கு மதிப்பெண் போதவில்லை. கிணற்றுப் பாசனமுள்ள ஒன்றரை ஏக்கரை விற்றாவது தனியார் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். சேர்த்தே ஆக வேண்டும் என்று தாய்மாமன் ஒற்றைக் காலில் நிற்கிறாராம். "அரவிந்த் பெரிய டாக்டர் மட்டும் என்ன, நம்மள மாதிரி கிராமத்துப் பிள்ளைதானே?" என்பது அவருடைய வாதம். அம்மாவின் கண் கலங்கியிருந்தது. டீ சொல்லிவிட்டு, "பதறாதீங்க அக்கா" என்றேன். ஆறுதல் அத்தோடு முடிந்தது. அப்புறம் பேசியதை, அண்ணே, உங்களுக்காகவே எழுதித் தருகிறேன், மாமனிடமும் காட்டுங்கள்.

நிலத்தை விற்காதீர்கள். அண்ணே, அது உங்கள் மகனுக்கும் சோறு போட வேண்டிய நிலம். முதல் வருடக் கட்டணத்துக்கு நிலம் போய்விட்டால், மிச்ச வருடங்களுக்கு எதை விற்பீர்கள்? இதற்கு உங்களிடமும் பதில் இல்லை, மாமனிடமும் இல்லை.

மாமன் சொல்லும் அந்தப் பெரிய டாக்டர், அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி. அவருடைய வாழ்க்கையை உதாரணம் காட்டுகிறவர்கள் அதை முழுதாகச் சொல்ல வேண்டும். வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர். சொந்தத்தில் சில பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து, மகப்பேறு மருத்துவராகத்தான் ஆசைப்பட்டார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியலும், சென்னை ஸ்டான்லியில் மருத்துவமும் படித்து முடித்து ராணுவத்துக்கும் போனார். அங்கே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின, பேனா பிடிப்பதே பெரும்பாடானது. அந்த நிலையில் ஆசைப்பட்ட துறையைக் கைவிட்டுக் கண் மருத்துவத்துக்கு மாறி, அதே விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கினார். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976-இல், 58 வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். தன் உடம்பு எதற்கு ஒத்துவரும் என்று பார்த்துப் பாதையை மாற்றிக்கொண்டவர் அவர். அவரைச் சொல்லி ஒரு பிள்ளையை ஒரே கதவில் முட்ட வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

அவருடைய மருத்துவமனையில் அறுவை எப்படி நடக்கிறது தெரியுமா? பக்கத்துப் பக்கத்து மேசைகளுக்கு நடுவே ஒரு மருத்துவர். ஒரு கண்ணை முடித்துத் திரும்புவதற்குள் அடுத்தவரைத் தயாராக வைத்திருப்பவர்கள் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள். மாமன் இவர்களைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

இனி பாப்பாவைப் பற்றி. ஒரு மணி நேரம் வாயே திறக்காத பெண், அம்மாச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதைப் பற்றிக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். டிஸ்சார்ஜ் அட்டையில் 21.5 என்று லென்ஸ் பவர் எழுதியிருந்ததாம். "கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸுக்கு 21.5-தான்னு முன்னாடியே எப்படி சார் தெரியும்?" என்றாள். நீட் பற்றி அவள் எதுவுமே கேட்கவில்லை.

கருவிழியின் வளைவையும் விழியின் நீளத்தையும் அளந்துதான் கணக்கிடுகிறார்கள். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஏறத்தாழ இரண்டரை பவர் பிசகும். கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் சிகிச்சையை 1949-இல் லண்டனில் முதன்முதலில் செய்த ஹரால்டு ரிட்லியின் முதல் நோயாளிக்கே லென்ஸ் பவர் சரியாக அமையாமல் பெரிய மைனஸ் பவர் வந்துவிட்டது. இந்த அளவை இன்றைக்குப் பல மருத்துவமனைகளில் எடுப்பவர் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண்ணைப் பரிசோதித்துப் பவர் பார்ப்பவர்.

வெளிநாட்டு எம்.பி.பி.எஸ்., நர்சிங், பார்மசி பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். நான் சொல்வது பி.ஆப்டம்., ஆப்டோமெட்ரிஸ்ட் ஆவதற்கான பட்டப்படிப்பு. அதில் கடைசி வருடம் முழுக்கப் பயிற்சி. அங்கே கற்பவற்றில் ஒன்று ரெட்டினாஸ்கோப், கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவர் பார்க்கும் கருவி. இருட்டறையில் அதன் ஒளிக்கீற்றைக் கண்மணியின் குறுக்கே ஓட்டினால் உள்ளிருந்து செம்மஞ்சளாக ஒளி திரும்பும். கீற்றோடு சேர்ந்து நகர்ந்தால் பிளஸ் கண்ணாடி, எதிர்ப்பக்கம் நகர்ந்தால் மைனஸ். நகர்வு நின்று கண்மணி முழுக்க ஒரே சீராக ஒளிரும்வரை கண்ணாடிகளை மாற்றுவார்கள். பேச்சு வராத குழந்தைக்கும் இப்படிப் பவர் பார்த்துவிடலாம். அப்புறம் கான்டாக்ட் லென்ஸ், மாறுகண் பயிற்சி, பார்வை மிகக் குறைந்தவர்களுக்கான கருவிகள் என்று விரிந்துகொண்டே போகும். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான மத்தியச் சட்டத்தில் இந்தத் தொழிலும் இருக்கிறது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆப்டோமெட்ரிஸ்ட் அறுவை செய்ய முடியாது. தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. கட்டடத்தைக் காட்டி ஆள் பிடிக்கும் கல்லூரிகளும் இருக்கின்றன. சேருமுன் ஒரு நாள் காலை அங்கே போய் உட்கார்ந்து, கண் பார்க்க எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். நோயாளியே வராத இடமென்றால் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். தபால்வழிப் பட்டம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அம்மாச்சியை மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போகும் நாளில் பாப்பாவும் கூடப் போகட்டும். அளவெடுக்கும் அறையில் இருப்பவரிடம் அந்த 21.5 கணக்கை அவளே கேட்கட்டும். கேட்டுவிட்டு வந்து உங்களிடம் என்ன சொல்கிறாள் என்று பாருங்கள். அதுவரை பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். மாமன் கோபித்துக்கொண்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.