லைப்போசோமின் மேற்பரப்பு மின்சுமை

கேள்வி: ஒரே லைப்போசோம் (லிப்பிட் என்னும் கொழுப்புப் படலத்தால் ஆன நுண்குமிழ்) மாதிரிக்கு ஜீட்டா பொட்டன்ஷியல் (துகளின் மேற்பரப்பு மின்சுமையைக் காட்டும் அளவு) ஒருநாள் −45, மறுநாள் −12 மில்லிவோல்ட் வருகிறதே, ஏன்?
— மருந்தியல் மாணவி, நாகப்பட்டினம்

பதில்: கருவியைச் சந்தேகிக்கும் முன், எதில் கலந்து நீர்க்கச் செய்தீர்கள் என்று பாருங்கள். உப்பு கூடினால் மதிப்பு பூச்சியத்தை நோக்கிச் சுருங்கும். பாஸ்பேட் பஃபர் சலைனில் (பிஹெச், அதாவது அமில-காரத் தன்மை, மாறாமல் காக்கும் உப்புக்கரைசல்) கருவியின் மின்முனையும் கறுத்துப்போகும். உங்கள் கடலோரப் பக்கத்து போர் தண்ணீரில் கழுவிய குடுவை என்றால் இன்னும் கவனம் தேவை. அதில் ஒட்டிய கால்சியம் எதிர்மின் லிப்பிடுகளைப் பற்றிக்கொண்டு சுமையைக் குறைத்துவிடும். கடைசி அலசல் அயனி நீக்கிய நீரில்தான்.

நீர்க்கச் செய்ய 10 மில்லிமோலார் ஹெப்பஸ் பஃபர், பிஹெச் 7.4, 25 டிகிரி; மாதிரியை ஊற்றி அளக்கும் செல்லில் குமிழி கூடாது. வெறும் வடிநீர் வேண்டாம், பிஹெச் நிலைக்காது. உள்ளே உப்புக்கரைசல் இருந்தால் வெளியே சுக்ரோஸ் சேர்த்துச் சமன்செய்யுங்கள், இல்லையேல் லைப்போசோம் ஊதும். பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் பாலிமர்) பூசியவை பூச்சியத்தருகே காட்டுவது இயல்பு.