அவனுக்காக நாங்கள் ஏன் பேச வேண்டும்?

கேள்வி: நான் வியாசர்பாடி. அரசுக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஏரியா பெயரைச் சொன்னாலே சந்தேகமாகப் பார்க்கிறார்கள், பஸ்ஸிலிருந்து எங்கள் பையன்களை மட்டும் இறக்கிப் பையைச் சோதிக்கிறார்கள் என்பதால் மாணவர் உரிமைக் குழு ஒன்று தொடங்கினோம். இப்போது ஒரு சிக்கல். மூன்றாம் ஆண்டு பையன் ஒருவன், கூட்டத்தில் பேசுகிற பெண்களைப் பற்றி வாட்ஸ்அப்பில் படு ஆபாசமாக எழுதினான். அதில் என் பெயரும் இருந்தது. கல்லூரி அவனை ஒரு வார்த்தை விசாரிக்காமல் சஸ்பெண்ட் செய்துவிட்டது. செமஸ்டரும் எழுத முடியாதாம். காசிமேட்டில் மீன் விற்கும் அவன் அம்மா எங்களிடம் வந்து அழுகிறார். குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. இவனுக்காக நாங்கள் பேசத்தான் வேண்டுமா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

குழு பேச வேண்டும். நீங்கள் பேச வேண்டியதில்லை.

வியாசர்பாடி என்றதும் விசாரிக்காமலே முடிவு கட்டுகிறார்கள் என்றுதானே குழுவைத் தொடங்கினீர்கள்? கல்லூரி இப்போது செய்திருப்பதும் அதேதான். குற்றச்சாட்டு என்ன என்று எழுத்தில் கொடுத்து, அவன் பதிலைக் கேட்டு, அப்புறம்தான் தண்டனை. இன்று அவனுக்கு இது இல்லையென்றால், நாளை போராட்டத்தில் கோஷம் போட்ட உங்கள் தெருப் பையனுக்கும் இருக்காது.

'கருத்துச் சுதந்திரம்' என்று யாராவது அவனுக்கு வக்காலத்து வாங்கினால் நம்பாதீர்கள். ஃபேஸ்புக் பதிவுக்காக 2012-ல் மகாராஷ்டிரத்தில் இரண்டு இளம்பெண்களைக் கைது செய்தார்கள். அதைப் பார்த்துக் கொதித்து ஸ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் வழக்குப் போட்டார். இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய வழிவிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே, கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அருமையான தீர்ப்பு. ஆனால் அது பெண்களைப் பெயர் சொல்லி அசிங்கப்படுத்துகிறவனுக்குக் கவசமாகாது.

அதனால் இரண்டு கடிதங்கள், தனித்தனியாக. முதலாவது குழுவின் பெயரில் கல்லூரி முதல்வருக்கு: முறையாக விசாரியுங்கள், அதுவரை பரீட்சையைத் தடுக்காதீர்கள், வேண்டுமானால் தனி அறையில் எழுத வையுங்கள். அவன் நல்லவன் என்று அதில் ஒரு வரிகூட வேண்டாம். இரண்டாவது, யார் பெயரைச் சொல்லி அவன் எழுதினானோ அந்தப் பெண்கள் விரும்பினால், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவுக்கு. யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் இந்தக் குழு இருக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட வழக்கென்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களும் அதில் உட்கார வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் கொடுங்கள், ஸ்க்ரீன்ஷாட்டை அழித்துவிடாதீர்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் பேரம் பேசுகிற மாதிரி ஆகிவிடும். 'அவனைப் பரீட்சை எழுத விடுகிறோம், நீங்கள் புகாரைக் கைவிடுங்கள்' என்று கல்லூரியில் ஆரம்பிப்பார்கள்.

முதல் கடிதத்தைக் குழுவின் பையன்கள் எழுதட்டும். கூட்டத்தில் வீராவேசமாகப் பேசிவிட்டு, எழுத்து வேலையைப் பெண்கள் தலையில் கட்டுவது எல்லா இயக்கத்திலும் உள்ள வியாதி.

அந்த அம்மாவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள், மகன் கையெழுத்துப் போட்ட மனுவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். 'உன் தம்பியா நெனச்சு மன்னிச்சிடும்மா' என்றால் மட்டும் பதில் சொல்ல வேண்டாம். மன்னிப்பதா இல்லையா என்பது உங்கள் சொந்த விஷயம். குழுவின் ஓட்டெடுப்புக்கு அது போகவே கூடாது.

கோபித்துக்கொண்டு விலகியவர்களைத் துரோகி என்று பேச விடாதீர்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

செமஸ்டர் நெருங்குவதால் முதல் கடிதம் இந்த வாரமே போகட்டும். 'வெச்சுட்டுப் போங்க, பாக்கறோம்' என்பார்கள். நகலில் ஆபீஸ் சீலும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.