ரிப்போர்ட் எல்லாம் நார்மல், குழந்தைக்கு மட்டும் வலிக்கிறது: கேள்வி பதில்

குழந்தைகள் வார்டில் 18 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். நடுவில் என் மகளுக்கே இரண்டு வருடம் வயிறு வலித்தது. எந்தப் பரிசோதனையிலும் எதுவும் பிடிபடவில்லை. அதனால் ஊசியோடு கட்டில் பக்கத்தில் நின்றும் இருக்கிறேன், மகள் கையைப் பிடித்துக்கொண்டு அதே கட்டிலில் உட்கார்ந்தும் இருக்கிறேன். உங்கள் குழந்தையைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் சொல்வதுதான் முதலில். என் பதில்கள் அதற்குத் துணையாக மட்டும்.

அக்கா, என் மகளுக்கு ஒன்பது வயது. ஏழு மாதமாகத் தொப்புளைச் சுற்றி வலி என்கிறாள். ரத்தம், சிறுநீர், மலம், ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. "ஒன்றுமில்லை" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியென்றால் அவள் நடிக்கிறாளா?

இல்லை. அவளுக்கு வலிக்கிறது.

டாக்டர் சொல்ல வந்தது "ஆபத்தாக ஒன்றுமில்லை" என்பது. உங்கள் காதில் விழுந்தது "வலியே இல்லை" என்பது. இந்த ஒரு வார்த்தையால் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுத அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

குடல் சுவருக்குள் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பு செல்கள் இருக்கின்றன. அவை மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். சாப்பிட்டதும் குடல் விரிகிறது, காற்று நகர்கிறது, மலம் நகர்கிறது. எல்லோர் வயிற்றிலும் நடப்பதுதான், மூளை கண்டுகொள்வதில்லை. சில குழந்தைகளுக்கு இந்த நரம்புகள் கூர்மையாகிவிடுகின்றன. கடுமையான வயிற்றுப்போக்கு வந்து போன பிறகு இது தொடங்குவதுண்டு. கிருமி போய்விடும், நரம்பு மட்டும் உஷாராகவே இருக்கும். அப்போது சாதாரண அசைவே வலியாகப் போய்ச் சேர்கிறது. ஸ்கேன் உறுப்பின் வடிவத்தைக் காட்டும். நரம்பு எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதை அது காட்டாது.

இது அபூர்வமும் அல்ல. ஜான் ஆப்லி, நோரா நைஷ் என்ற இரு மருத்துவர்கள் பிரிட்டனில் 1000 பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 1958-இல் எழுதினார்கள்: பத்தில் ஒரு குழந்தைக்கு இப்படித் திரும்பத் திரும்ப வயிறு வலித்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு உடல் நோய் எதுவும் அகப்படவில்லை. இன்று மருத்துவர்கள் இதைச் செயல்பாட்டு வயிற்றுவலி என்கிறார்கள். மாதம் நான்கு முறையாவது, குறைந்தது இரண்டு மாதமாவது வலி வர வேண்டும், வேறு நோய் எதனாலும் அதை விளக்க முடியாமல் இருக்க வேண்டும் என்று 2016-இல் அதற்கு வரையறையும் வந்துவிட்டது.

அடுத்த முறை போகும்போது மூன்று கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். இதற்குப் பெயர் என்ன? என்ன அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும்? மறுபடி எப்போது பார்ப்பீர்கள்? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். திரும்பப் பார்க்க ஒரு தேதி கையில் இருந்தால் அதுவரை மனசு தாங்கும்.

எப்போது நிஜமாகவே ஓட வேண்டும்? ஒவ்வொரு முறையும் பதறுவதா, விடுவதா என்று தெரியவில்லை. – ஆறு வயது மகனின் அப்பா

வாந்தி பச்சை நிறத்தில் வந்தால், மலத்தில் ரத்தம் இருந்தால் அல்லது மலம் தார் போலக் கறுத்திருந்தால், வயிறு பலகை மாதிரி இறுகித் தொடவே விடவில்லை என்றால் தாமதிக்காதீர்கள். தொப்புளில் தொடங்கிய வலி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கி, பையன் குனிந்தபடி நடந்து, "ஒரு தடவை குதி" என்றால் முகம் சுளித்து மறுத்தால் அது குடல்வாலாக இருக்கலாம். வலியோடு ஓயாத தாகமும் அடிக்கடி சிறுநீரும் வாந்தியும் சேர்ந்தால் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கைக்குழந்தை காலை மடக்கி வீறிட்டு அழுது, அடங்கி, மறுபடி வீறிட்டால் அதுவும் அவசரம்தான்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் வீட்டில் தவறவிடுகிறார்கள். ஆண்பிள்ளைக்குத் திடீரென்று அடிவயிறு கடுமையாக வலித்தால் விதைப்பையையும் பார்க்க வேண்டும். விதை முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், அதற்குப் பிறகு ஒவ்வொரு மணி நேரமும் வாய்ப்பு குறையும். வளர்ந்த பையன்கள் கூச்சப்பட்டு "வயிறு" என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டியது நாம்தான். உங்கள் மகனுக்கு இப்போதே சொல்லி வையுங்கள், அங்கே வலித்தால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும் என்று.

ஓட வேண்டாம், ஆனால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டியவையும் உண்டு: எடை குறைவது, உயரம் நின்றுபோவது, தூக்கத்திலிருந்து வலி எழுப்புவது, காரணமில்லாத காய்ச்சல், மூட்டு வீக்கம், வாயில் மாறாத புண், விழுங்கச் சிரமம், குடும்பத்தில் குடல் அழற்சி நோய். இவை எதுவும் இல்லை, பிள்ளை வளர்கிறான், நடுநடுவே விளையாடுகிறான் என்றால் நீங்கள் பதற்றத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம்.

என் தோழியின் மகனுக்கு ஆறு மாதமாக வயிற்றுவலி. ஆறுதலாக ஏதாவது சொன்னால் எரிந்து விழுகிறாள். போகாமல் இருக்கவும் முடியவில்லை. நான் என்ன செய்ய?

இதைக் கேட்டதற்கு நன்றி. குழந்தையைப் பற்றி நூறு பேர் கேட்பார்கள், அம்மாவைப் பற்றி ஒருவர் கேட்பதே அரிது.

அவளுக்கு யோசனை ஏற்கெனவே மூட்டை மூட்டையாக வந்திருக்கும். "பூச்சியாக இருக்கும்", "செல்லம் அதிகம்", "எங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இருந்தது, தானாகப் போய்விட்டது." ஒவ்வொன்றையும் கேட்கும்போது 'உனக்கு இதுகூடத் தெரியவில்லையா' என்றுதான் அவள் காதில் விழும். இரவு இரண்டு மணிக்கு அதையெல்லாம் தேடிப் படித்து முடித்தவள் அவள்.

என் மகள் சுருண்டு படுத்திருந்த நாட்களில் ஒரு தோழி வருவாள். வந்ததும் எதுவும் கேட்க மாட்டாள். கொடியில் காய்ந்த துணிகளை அள்ளி வந்து தரையில் உட்கார்ந்து மடிப்பாள். மகளின் சின்னச் சட்டைகளை ஒரு பக்கம், என்னுடையதை ஒரு பக்கம் அடுக்குவாள். நான்காவது சட்டைக்குள் நானே பேச ஆரம்பித்திருப்பேன். ஒருநாள், "நீ சொல்வதை நம்புகிறேன். வலி இல்லாமலா அந்தப் பிள்ளை இப்படிப் படுத்திருக்கும்?" என்று மட்டும் சொன்னாள். அந்த இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த மருந்துகளில் அதுதான் முதல் மருந்து.

நீங்களும் அப்படி ஏதாவது ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்" என்று விட்டுவிட வேண்டாம், கேட்க அவளுக்குத் தெம்பு இருக்காது. "செவ்வாய் மாலை சின்னவளை நான் அழைத்துப் போகிறேன்" என்று சொல்லுங்கள். மருத்துவரிடம் கூடப் போய் அவர் சொல்வதை எழுதிக்கொண்டு வாருங்கள். பயத்தில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பாதி காதில் ஏறாது. அப்புறம், விசேஷங்களுக்கு அழைப்பதை நிறுத்திவிடாதீர்கள். பத்து முறை வர மாட்டாள், பதினோராவது முறையும் கூப்பிடுங்கள்.

அம்மாடி, பேரனுக்கு வலி வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைத் தடவி, "இப்போ எப்படிக் கண்ணா இருக்கு" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். மருமகள் கேட்காதீர்கள் என்கிறாள். மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

அம்மா, தடவுவதை நிறுத்தவே வேண்டாம். உங்கள் கைச்சூடு அவனுக்கு வேண்டும். அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள்.

லின் வாக்கர் என்ற ஆராய்ச்சியாளரின் குழு 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. குழந்தைகளுக்கு வயிறு நிறையத் தண்ணீர் கொடுத்து, சில பெற்றோரை வலியைப் பற்றியே விசாரிக்கச் சொன்னார்கள், சிலரைப் பேச்சை வேறு பக்கம் திருப்பச் சொன்னார்கள். விசாரிக்க விசாரிக்க, வலிக்கிறது என்ற புகார் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பேச்சைத் திருப்பியபோது பாதியாகக் குறைந்தது. 'பேச்சை மாற்றினால் பிள்ளை மனசு நோகுமே' என்று வலியுள்ள குழந்தைகளின் பெற்றோர் பயந்தார்கள். ஆனால் பேச்சை மாற்றிய பெற்றோர்தான் தங்களுக்கு இதமாக இருந்ததாகக் குழந்தைகள் சொன்னார்கள்.

நாம் கேட்கும் ஒவ்வொரு முறையும் அவன் மறுபடி வயிற்றுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கிறது, அம்மா. ஒரே ஒரு முறை, "வலிக்குதா கண்ணா, பாட்டி பக்கத்துல இருக்கேன்" என்று சொல்லுங்கள். பிறகு தடவிக்கொண்டே நீங்கள் சின்ன வயதில் செய்த குறும்பைச் சொல்ல ஆரம்பியுங்கள். உங்கள் மருமகள் அவனிடம் உங்களைப் பிரிக்கப் பார்க்கவில்லை, அவளும் எங்கோ இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

இன்னொரு முறை ஸ்கேன் எடுத்துவிட்டால் நிம்மதியாக இருக்கும் அல்லவா?

ஒரு வாரம் இருக்கும். புதிய அறிகுறி வந்தால் எடுங்கள், பயத்துக்காக மட்டும் வேண்டாம். மறுபடி மறுபடி பரிசோதித்தால் 'எனக்கு என்னமோ பெரிதாக இருக்கிறது' என்று பிள்ளை நம்பத் தொடங்கும்.

மலச்சிக்கலாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் என் மகன் தினமும் போகிறானே?

தினமும் போயும் மலச்சிக்கல் இருக்கலாம். கொஞ்சம் வெளியேறி, மீதி உள்ளேயே தங்கிக் குடலை விரித்துக்கொண்டே போகும். கெட்டியாக உருண்டையாகப் போகிறதா, வலித்து அழுகிறானா, மூலையில் நின்று கால்களைப் பின்னிக்கொண்டு அடக்குகிறானா, உள்ளாடையில் கறை படிகிறதா என்று பாருங்கள். கறையை வயிற்றுப்போக்கு என்று நினைத்துவிடுவார்கள், பெரும்பாலும் அது அடைபட்ட கெட்டி மலத்தைச் சுற்றிக் கசிவதுதான்.

சாப்பிட்டதும் குடல் தானாகவே அசையும். அந்த நேரத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம் உட்கார வையுங்கள். கால் தொங்கக் கூடாது, பாதத்துக்குக் கீழே ஒரு பலகை வேண்டும். வந்ததா இல்லையா என்று கேட்காமல், உட்கார்ந்ததற்கே பாராட்டுங்கள். மருத்துவர் மலமிளக்கி கொடுத்தால் நான்கு நாளில் நிறுத்திவிடாதீர்கள். விரிந்த குடல் பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகும்.

பள்ளிக்கூடம் போகும் நேரத்தில்தான் வலி. விடுமுறையில் குறைவு. இது சாக்கு இல்லையா மேடம்?

பரீட்சைக்கு முன்னால் உங்களுக்கு வயிறு கலங்கியதில்லையா? அது சாக்கா? பயம் குடலின் அசைவையே மாற்றும், அந்த வலி நிஜம்தான். ஆனால் பள்ளியில் என்ன நடக்கிறது என்று விசாரிப்பது அவசியம். யாராவது அடிக்கிறார்களா, பாடம் புரியவில்லையா, கழிப்பறை அசுத்தமாக இருப்பதால் நாள் முழுக்க அடக்குகிறாளா? இந்தக் கடைசிக் காரணத்தைக் குழந்தைகள் தானாகச் சொல்லவே மாட்டார்கள்.

வலி முழுக்கப் போகட்டும், பிறகு அனுப்பலாம் என்று காத்திருக்காதீர்கள். வீட்டில் இருக்க இருக்கத் திரும்பிப் போவது மலையாகிவிடும். அரை நாளாவது போகட்டும். வலித்தால் ஆசிரியரிடம் கேட்காமலே எழுந்து போய் பத்து நிமிடம் படுத்துவிட்டு வகுப்புக்குத் திரும்ப அனுமதி வாங்கி வையுங்கள்.

மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்கிறார்கள். அப்படியென்றால் மனசுதான் காரணம் என்கிறார்களா?

இல்லை. கூர்மையான நரம்பைத் தணிக்கும் வழிகளில் ஒன்று மூளை வழியாகப் போகிறது, அவ்வளவுதான். நெதர்லாந்தில் 2007-இல் வெளியான ஆய்வில், வயிற்றை மையமாக வைத்த ஹிப்னோதெரபி (உடம்பைத் தளர்த்தி, கற்பனை வழியாக வயிற்றை அமைதிப்படுத்தும் பயிற்சி) எடுத்த குழந்தைகளில் 85 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குப் பிறகு நலமாக இருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவர்களில் அது 25 சதவீதம். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் வித்தியாசம் பெரிதாகவே இருந்தது. குழந்தையிடம், "உனக்கு வலிப்பது நிஜம், வயிறும் மூளையும் பேசிக்கொள்வதைச் சரிப்படுத்தக் கற்றுக்கொடுக்கிறவரைப் பார்க்கப் போகிறோம்" என்று சொல்லி அழைத்துப் போங்கள்.

இரவெல்லாம் அவள் புரண்டால் எனக்கு விழித்துக்கொள்கிறது. எத்தனை மணிக்கு வலித்தது, என்ன சாப்பிட்டாள் என்று நான்கு மாதமாக நோட்டில் எழுதுகிறேன். கணவர், "நீதான் பெரிதாக்குகிறாய்" என்கிறார். முடியவில்லை அக்கா.

முடியாமல்தான் இருக்கும் தங்கை. நான்கு மாதம் சரியாகத் தூங்காத உடம்பு உங்களுடையது. நீங்கள் எதையும் பெரிதாக்கவில்லை.

அந்த நோட்டு முதல் இரண்டு வாரம் மருத்துவருக்கு உதவியிருக்கும். இப்போது அது உங்களையும் அவளையும் வலிக்காகக் காவல் காக்க வைக்கிறது. மூடி அலமாரியில் வைத்துவிடுங்கள். புதிதாக ஏதாவது தெரிந்தால் மட்டும் ஒரு வரி எழுதினால் போதும்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு உங்கள் கணவர் தனியாக அழைத்துப் போகட்டும். காத்திருக்கும் இடத்தில் மகளின் தலை தன் மடியில் கிடக்க இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவர்கள் அதற்குப் பிறகு வேறு மாதிரி பேசுவதை வார்டில் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்தப் பதிலை அவரிடமே காட்டுங்கள்: தம்பி, வாரத்தில் மூன்று இரவு மகள் அறைப் பக்கம் நீங்கள் படுங்கள். இன்றைக்கே தொடங்குங்கள், தங்கை வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும்.