காய்ச்சல் விட்ட பிறகு ரத்தக்குழாய் கசிவது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. டெங்கு வந்து ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று நினைத்தோம், ஆனால் மருத்துவர் அன்றைக்குத்தான் அட்மிஷன் போட்டார். காய்ச்சல் வந்த முதல் நாள் 36 ஆக இருந்த பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு) அன்று 44. தட்டணு 42,000, அல்புமின் என்ற ரத்தப் புரதம் 2.9. ஸ்கேனில் வயிற்றில் நீர் இருந்தது. "ரத்தக்குழாய் கசிகிறது" என்றார்கள். தட்டணு ஏற்றச் சொல்லி நாங்கள் கெஞ்சியும் ஏற்றவில்லை. இப்போது நன்றாக இருக்கிறான். அவன் ரத்தக்குழாயில் ஓட்டை விழுந்துவிட்டதா? புரதம் குறைவு என்பதால் புரோட்டீன் பவுடர் கொடுக்கலாமா?

பதில்: ஓட்டை எதுவும் இல்லை, அம்மா. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

ரத்தக்குழாயின் உள்பக்கம் முழுவதும் ஒரே ஒரு அடுக்கு செல்கள்தான் இருக்கின்றன. அவை பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும். கபடியில் ரெய்டு வருபவரை மடக்கச் சங்கிலியாகக் கைகோத்து நிற்பார்களே, அப்படி. இங்கே கையாக இருப்பது விஇ-கேட்ஹெரின் என்ற புரதம். ஒரு செல்லிலிருந்து நீளும் கேட்ஹெரின் அடுத்த செல்லின் கேட்ஹெரினைப் பற்றிக்கொள்ளும். செல்லுக்கு உள்ளே அது கேட்டனின் என்னும் புரதங்கள் வழியாக ஆக்டின் இழைகளோடு கட்டப்பட்டிருக்கும். கை மட்டும் இருந்தால் போதாது, தோளும் உறுதியாக இருக்க வேண்டும் இல்லையா? அதற்குத்தான் இந்தக் கட்டு. மூளையின் ரத்தக்குழாய்களில் கிளாடின்-5 என்ற இன்னொரு புரதமும் சேர்ந்து இடைவெளியை இன்னும் இறுக்கமாக அடைக்கிறது. இந்தச் செல்களின் மேல், ரத்தம் படும் பக்கத்தில், சர்க்கரையும் புரதமும் கலந்த வழுவழுப்பான மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. கிளைகோகேலிக்ஸ் என்பார்கள். அதுவும் ஒரு வடிகட்டிதான்.

டெங்குவில் செல்களின் பிடி, மேலே உள்ள பூச்சு இரண்டுமே தளர்கின்றன. தொடக்கத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் "என்எஸ்1 பாசிட்டிவ்" என்று பார்த்திருக்கலாம். என்எஸ்1 வைரஸ் தயாரிக்கும் புரதம். நோயைக் காட்டிக்கொடுக்கும் அதே புரதம், மேலே சொன்ன பூச்சை அரிக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதோடு, வைரஸை எதிர்த்து நம் உடலே கொட்டும் வேதிப்பொருள்களும் செல்களின் பிடியைத் தளர்த்துகின்றன. வைரஸ் குறையும்போது காய்ச்சல் இறங்குகிறது. ஆனால் இந்த எதிர்ப்பு வேகம் உச்சத்துக்கு வருவதும் ஏறக்குறைய அப்போதுதான். "காய்ச்சல் விட்டது, இனி பயமில்லை" என்று வீட்டில் நிம்மதியாகும் அந்த நேரம்தான் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும் நேரம். உங்கள் மருத்துவர் அன்றைக்கு அட்மிஷன் போட்டது மிகச் சரி.

பிடி தளர்ந்ததும் வெளியே போவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. சிவப்பணுக்கள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். தண்ணீர் வற்றிய குழம்பு போல ரத்தம் கெட்டியாகும். 36 ஆக இருந்த பி.சி.வி. 44 ஆனது அதனால்தான். முதலில் இருந்த அளவைவிட 20 சதவீதத்துக்கு மேல் ஏறினால் கசிவு என்று எடுத்துக்கொள்வோம், உங்கள் மகனுக்கு அதைத் தாண்டியிருக்கிறது. எல்லோரும் தட்டணு எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். இந்தக் கட்டத்தில் நான் முதலில் பார்ப்பது பி.சி.வி., சிறுநீர் எவ்வளவு போகிறது, ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி எவ்வளவு என்பதைத்தான். 100-க்கு 80 என்று இடைவெளி 20-க்குச் சுருங்கினால், பிள்ளை எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாலும் அது ஆபத்து.

தட்டணுவுக்கும் கசிவுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். தட்டணுக்கள் ஆஞ்சியோபாய்ட்டின்-1 என்ற புரதத்தைச் சுமக்கின்றன. செல்களிடம் "பிடியை விடாதே" என்று சொல்லும் புரதம் அது. ஆனால் வெளியிலிருந்து தட்டணு ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆகவில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பெரியவர்களிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், தட்டணு 20,000-க்குக் கீழே போனவர்களுக்குக்கூட, ரத்தப்போக்கு இல்லாதபோது முன்கூட்டியே ஏற்றியதால் ரத்தப்போக்கைத் தடுப்பதில் பலன் கிடைக்கவில்லை. கெஞ்சியும் ஏற்றாத அந்த மருத்துவர் மேல் உங்களுக்கு வருத்தம் இருந்தால், தயவுசெய்து விட்டுவிடுங்கள். பப்பாளி இலைச் சாறும் கசிவை நிறுத்தும் என்பதற்கு ஆதாரமில்லை. வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு அதை ஊட்டவே கூடாது.

கசிவு 24 முதல் 48 மணி நேரம்தான். அப்புறம் செல்கள் மறுபடி கைகோத்துக்கொள்ளும், வெளியே போன நீரும் திரும்பி ரத்தத்துக்கே வரும். அந்தச் சமயத்தில் டிரிப்ஸைக் குறைத்து நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். நிரந்தரப் பாதிப்பு இருக்காது.

அல்புமின் 2.9-க்கு வந்ததும் இதே கதைதான். சாப்பாட்டில் புரதம் குறைந்ததால் வந்ததல்ல. குழாயிலிருந்து நீரோடு அல்புமினும் வெளியேறியது. அதில் பெரும்பகுதி நிணநீர் வழியாகத் திரும்பி வரும், மீதியை ஈரல் தயாரித்துக்கொள்ளும். பவுடர் வேண்டாம். அதில் உள்ள புரதம் செரித்துத்தான் உடலில் சேரும், நேராகப் போய் ரத்தக்குழாய்க்குப் பூச்சுப் பூசாது. முட்டை, பருப்பு, மீன், மோர் என்று வழக்கமான சாப்பாடு போதும். சில வாரம் சோர்வு இருக்கலாம், விளையாட்டுக்கு அவசரப்படுத்தாதீர்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். டெங்குவில் நான்கு வகை உண்டு. வேறு வகை மறுபடி வந்தால் கசிவு இதைவிடக் கடுமையாக இருக்க வாய்ப்பிருக்கிறது. அப்படிக் காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வேண்டாம். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, பிள்ளை தூங்கி வழிவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமலிருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காய்ச்சல் இல்லையே என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அந்த முதல் நாள் ரிப்போர்ட்டையும் பத்திரமாக வைத்திருந்து கையோடு எடுத்துப் போங்கள். அவனுக்கு வழக்கமான பி.சி.வி. 36 என்று தெரிந்தால்தான் 44 அவனுக்கு அதிகம் என்று பார்ப்பவருக்குப் புரியும்.