கோர்ட் சமரசர், ஆர்பிட்ரேட்டர் ஆவது எப்படி? வேலூர் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளில் பாதி, மீடியேட்டரையும் ஆர்பிட்ரேட்டரையும் ஒன்றாக நினைத்துக் கேட்டவை. மீடியேட்டர், அதாவது சமரசர், இரு தரப்பையும் பேசவைத்து அவர்களாகவே ஒரு முடிவுக்கு வர உதவுபவர். ஆர்பிட்ரேட்டர், அதாவது நடுவர், சாட்சியம் கேட்டுத் தீர்ப்புச் சொல்பவர். தகுதி, கட்டணம், பொறுப்பு எல்லாமே இரண்டுக்கும் வேறு.

குடியாத்தம், வழக்கறிஞர், 9 வருடப் பிராக்டிஸ்: ஒரு தனியார் அமைப்பில் 40 மணி நேர மீடியேஷன் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். சத்துவாச்சாரி கோர்ட் சமரச மையத்தில் பெயர் சேர்ப்பார்களா?

அந்தச் சான்றிதழ் மட்டும் போதாது. மாவட்டத்துக்கான பட்டியலைத் தயாரிப்பது முதன்மை மாவட்ட நீதிபதி, ஒப்புதல் தருவது உயர் நீதிமன்றம். 2005-ல் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ‘மாதிரி விதிகள்’ வழக்கறிஞருக்கு 15 ஆண்டு அனுபவம் கேட்கின்றன. விண்ணப்பம் கேட்டு வரும் அறிவிப்பில் எத்தனை ஆண்டு என்று போட்டிருக்கிறதோ அதையே கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

40 மணி நேரம் என்பது பெரும்பாலும் நாளுக்கு 8 மணி வீதம் 5 நாள். தேர்வானவர்களுக்கு நீதிமன்றத் தரப்பே இந்தப் பயிற்சியை நடத்தும். அதனால் காசு கட்டுவதற்கு முன் “இந்தப் பயிற்சியை எந்த நீதிமன்றப் பட்டியலுக்கு ஏற்கிறார்கள்?” என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் சான்றிதழ் வீணும் இல்லை. 2023 மீடியேஷன் சட்டப்படி தனியார் மீடியேஷனில் தரப்பினர் தங்களுக்குப் பிடித்தவரைச் சமரசராக வைத்துக்கொள்ளலாம். அங்கே அது உதவும்.

அரக்கோணம், ஓய்வு பெற்ற தாசில்தார்: வக்கீலுக்குப் படிக்காதவர்கள் சமரசர் ஆக முடியுமா, ஐயா?

முடியும், ஐயா. அதே மாதிரி விதிகளில் ஓய்வு பெற்ற நீதிபதிகள், 15 ஆண்டு அனுபவமுள்ள துறை வல்லுநர்கள், ஓய்வு பெற்ற மூத்த அதிகாரிகள் எல்லோருக்கும் இடம் உண்டு. எஃப்எம்பி, அதாவது நில அளவை வரைபடம், பார்க்கத் தெரிந்தவர், பட்டா உட்பிரிவு புரிந்தவர் பாகப்பிரிவினை மேசையில் உட்கார்ந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே அவிழும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பல வருடம் உத்தரவு போட்ட கை இது. “நியாயப்படி பார்த்தால் கிழக்குப் பக்கம் தம்பிக்குத்தான்” என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், அண்ணன் அன்றோடு எழுந்து போய்விடுவார். பயிற்சியில் ரோல் பிளேவுக்கு, அதாவது நடித்துப் பழகுவதற்கு, அவ்வளவு நேரம் ஒதுக்குவதே இந்தப் பழக்கத்தை உடைக்கத்தான்.

வாலாஜா, வழக்கறிஞர்: எதற்கெல்லாம் பெயரைத் தள்ளுபடி செய்வார்கள்?

திவாலானவர், ஒழுக்கக்கேடான குற்றத்துக்குக் குற்றச்சாட்டு வனையப்பட்டவர் அல்லது தண்டனை பெற்றவர், பார் கவுன்சிலிலோ துறையிலோ ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் உள்ளவர். இவை பட்டியலில் சேரவே தடை. இன்னொரு தடை வழக்குக்கு வழக்கு வரும்: தரப்பினருக்கு உறவு, அல்லது அவர்களில் ஒருவருக்காக எந்த வழக்கிலாவது ஆஜரானவர். வேலூர் மாதிரி எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்த வழக்கறிஞர் வட்டத்தில் இது அடிக்கடி வரும். கோப்பு கைக்கு வந்ததும் முதலில் பெயர்களைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள்.

ஆம்பூர், புதிதாகப் பட்டியலில் சேர்ந்தவர்: பேச்சு முறிந்தால் ரிப்போர்ட்டில் காரணம் எழுதலாமா?

கூடாது. “சமரசம் ஏற்படவில்லை” என்பதோடு நிறுத்துங்கள். மோதி ராம் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. “பிரதிவாதி 6 லட்சம் தர முன்வந்தார், வாதி மறுத்தார்” என்று ஒரு வரி எழுதினால் அந்த 6 லட்சம் நீதிபதியின் மனதில் உட்கார்ந்துவிடும். அடுத்த முறை யாரும் உங்கள் முன்னால் வாயைத் திறக்க மாட்டார்கள். தனி அமர்வில் ஒருவர் சொன்னதை அவர் அனுமதி இல்லாமல் மறு தரப்பிடம் சொல்லக்கூடாது என்பதும் இதே காரணத்துக்காகத்தான். எழுதிய குறிப்புகளை அன்றே கிழித்துவிடுங்கள்.

அணைக்கட்டு, வழக்கறிஞர்: சமரசமான பாகப்பிரிவினை வழக்குகள்கூட இரண்டு வருடத்தில் மறுபடி கோர்ட்டுக்கு வருகின்றனவே, ஏன்?

பேச்சில் குறை இருக்காது, எழுத்தில் இருக்கும். “நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது” என்று எழுதினால் அது அடுத்த வழக்குக்கு அச்சாரம். சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, அளவு, வரைபடம் எல்லாம் வேண்டும். நம் பக்கத்து நிலத்தில் சண்டை மண்ணுக்கு வருவதைவிடக் கிணற்றுக்கும் பாதைக்கும் வருவதே அதிகம். அதனால் இவற்றைத் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள்: கிணற்றில் யாருக்கு எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் முறை, மோட்டார் கரண்ட் சர்வீஸ் எண் யார் பெயரில், பில் யார் கட்டுவது, மோட்டார் காயில் போனால் செலவு எப்படிப் பங்கு, டிராக்டர் போகும் பாதை எத்தனை அடி அகலம், எந்த வரப்பு ஓரம். பணம் தருவதாக இருந்தால் தேதி, வங்கி வழி, தவறினால் என்ன என்பதும் இருக்கட்டும்.

வழக்கில் இல்லாத சொத்தையும் சேர்த்துப் பேசி முடிப்பார்கள். அந்தச் சொத்துக்குச் சமரச டிக்ரி, அதாவது சமரசப்படி கோர்ட் தரும் தீர்ப்பாணை, மட்டும் போதாது, பதிவு வேண்டும். அதற்கான செலவு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்திலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்துக்காட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் அவர்கள் வக்கீல்களும் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் மனைவி, வளர்ந்த பிள்ளைகள் சம்மதித்தார்களா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சமரசமானால் தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 69-ஏ பிரிவில் வாதி கட்டிய கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். இதைப் பலர் கேட்டு வாங்குவதே இல்லை.

ராணிப்பேட்டை, ஆடிட்டர்: ஆர்பிட்ரேட்டர் ஆக என்ன தகுதி? கட்டணம் எப்படி?

நடுவர்களுக்கான 1996 ஆர்பிட்ரேஷன் சட்டத்தில் படிப்புத் தகுதி என்று தனியாக எதுவும் இல்லை. 2019-ல் எட்டாம் அட்டவணை சேர்த்து 10 ஆண்டு அனுபவம் உள்ள வழக்கறிஞர், ஆடிட்டர் என்றெல்லாம் வகுத்தார்கள். 2021 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். பழைய கையேட்டைப் பார்த்து இன்னும் அதையே சொல்பவர்கள் இருக்கிறார்கள். தரப்பினர் ஒத்துக்கொண்டால் நீங்கள் நடுவர். ஒத்துவராவிட்டால் 11-ஆம் பிரிவில் மனு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும், வேலூர் கோர்ட்டுக்கு அல்ல.

கட்டணத்துக்கு அதே சட்டத்தின் நான்காம் அட்டவணையைப் பாருங்கள். 30 லட்சம் கோரிக்கை என்றால் 20 லட்சம் வரைக்கும் 97,500 ரூபாய், மேல் 10 லட்சத்துக்கு 3 சதவீதம் 30,000, ஆக 1,27,500. தனி நடுவர் என்றால் 25 சதவீதம் கூடுதல், மொத்தம் 1,59,375. தரப்பினர் சம்மதம் இல்லாமல் நடுவரே கட்டணத்தை உயர்த்திக்கொள்ள முடியாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வேலூர், வழக்கறிஞர்: ஒரு வாகனக் கடன் கம்பெனி தொடர்ந்து என்னையே நடுவராகப் போடுகிறது. தவறா?

தவிர்த்துவிடுங்கள். 3 ஆண்டில் ஒரே தரப்பால் இரண்டோ அதற்கு மேலோ நியமனம் என்பது ஐந்தாம் அட்டவணையில் சந்தேகத்துக்கான காரணம். 12-ஆம் பிரிவில் எழுத்தில் வெளிப்படுத்தியே ஆக வேண்டும். அந்தக் கம்பெனிக்கு நீங்கள் ஆலோசகரோ வக்கீலோ என்றால் ஏழாம் அட்டவணைப்படி தகுதியே இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், உச்ச நீதிமன்றத்தின் 2019 பெர்க்கின்ஸ் தீர்ப்புக்குப் பின் ஒரு தரப்பு தானாகவே போடும் தனி நடுவர் நியமனம் நிற்பதில்லை. தகராறு வந்த பின் கடன் வாங்கியவர் எழுத்தில் வெளிப்படையாகச் சம்மதித்திருந்தால்தான் நிற்கும். இல்லாவிட்டால் நீங்கள் உழைத்து எழுதிய அவார்டு, அதாவது நடுவர் தீர்ப்பு, நிறைவேற்று மனு போடும்போது செல்லாமல் போகும்.

காட்பாடி, ஓய்வு பெற்ற பொறியாளர்: முதல் அவார்டு எழுதப் போகிறேன். எங்கே தவறு வரும்?

நாள் கணக்கில். இரு தரப்பும் எழுத்தில் தாக்கல் செய்யும் வாத, எதிர்வாத உரைகள் 6 மாதத்துக்குள் முடிய வேண்டும். அது முடிந்ததிலிருந்து 12 மாதத்துக்குள் அவார்டு. இரு தரப்பும் சம்மதித்தால் இன்னும் 6 மாதம், அதற்கு மேல் கோர்ட் அனுமதிதான். அடுத்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏன் கொடுத்தீர்கள், ஏன் மறுத்தீர்கள் என்று காரணம் எழுதுங்கள். தேதியும் நடைபெற்ற இடமும் விடுபடக்கூடாது, முத்திரைத் தாள் வேண்டும். கையெழுத்திட்ட பிரதியை வக்கீலிடம் கொடுத்ததோடு விடாமல் தரப்பினருக்கே ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். 34-ஆம் பிரிவில் எதிர்த்து மனு போட 3 மாதக் கெடு ஓடத் தொடங்குவது அவர் கையில் கிடைத்த நாளிலிருந்துதான்.