தோழியின் கட்டுரைக்கு என்ன கருத்து எழுதுவது?

அன்புள்ள ஐயா,

எங்கள் வகுப்பில் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஆளுக்கொரு நாடகக் கட்டுரை எழுதுகிறோம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துக் கருத்து சொல்ல வேண்டும். என் தோழி நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி எழுதியிருக்கிறாள். எனக்கு நாடகம் அதிகம் தெரியாது. ‘நன்றாக இருக்கிறது’ என்பதற்கு மேல் என்ன எழுதுவது? குறை சொன்னால் வருத்தப்படுவாளோ என்றும் தயக்கம். கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

ஒரு மாணவி, மதுரை

அன்புள்ள மாணவிக்கு,

கட்டுரையைப் படித்தேன். உங்கள் தோழி உழைத்திருக்கிறார். 1867இல் பிறப்பு, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவின் தொடக்கம், 1922இல் புதுச்சேரியில் மறைவு என்று வாழ்க்கை வரிசை குழப்பமில்லாமல் இருக்கிறது. அதை முதலில் சொல்லுங்கள்.

நாடகம் தெரியாததைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்தக் கட்டுரையைத் தேடி வருகிறவருக்கும் தெரியாதுதான். படிக்கும்போது நீங்கள் தடுக்கி நின்ற இடங்களைக் குறித்துக் கொடுத்தாலே அது பெரிய உதவி.

எனக்குப் பெரிய குறையாகப் பட்டது, கட்டுரையில் மேடையே இல்லை என்பது. ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’ என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. அவை எப்படி நடிக்கப்பட்டன என்று ஒரு வரிகூட இல்லை. உங்கள் மதுரைப் பக்கத்துத் திருவிழாக்களில் ‘வள்ளி திருமணம்’ இன்றும் ஸ்பெஷல் நாடகமாக நடக்கிறது. ராஜபார்ட் என்னும் கதாநாயகன் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் என்னும் கதாநாயகி வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. ஆர்மோனியமும் மிருதங்கமும் துணைக்கு இருக்க, வள்ளியும் நாரதரும் விடிய விடியத் தர்க்கம் செய்வார்கள். பாடல்கள் சுவாமிகளுடையவை, இடையே வரும் பேச்சில் பெரும்பகுதி அந்த இரவே பிறப்பது. இதைச் சொல்லாமல் அவருடைய எழுத்தின் பலத்தை வாசகருக்குப் புரியவைக்க முடியாது. “இந்த நாடகத்தை மேடையில் எப்படி நடத்தினார்கள்?” என்று கேளுங்கள். கேள்வியாகக் கேட்டால் தோழிக்கு வருத்தம் வராது.

அப்புறம், ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதினார் என்ற வரி. அது அந்தச் சபையில் சிறுவனாக நடித்த டி.கே. சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’யில் சொல்வது. அவர் சொன்னதாகவே இருக்கட்டும். ‘ஈடு இணையற்ற’, ‘மாபெரும்’ போன்ற சொற்களை எடுத்துவிடச் சொல்லுங்கள். எனக்கும் சுவாமிகள்மேல் அளவற்ற மதிப்பு உண்டு. ஆனால் கலைக்களஞ்சியத்தில் அதைத் தகவல்கள்தான் காட்ட வேண்டும்.

திருத்தங்களை நீங்களே கட்டுரைக்குள் செய்யாமல், கருத்துகளுக்கென்று கட்டுரையோடு இருக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள். முடிந்தால் சண்முகத்தின் நூலை நூலகத்தில் எடுத்து, அந்தப் பகுதியின் பக்க எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.